நாலு விரற்கடை

என் மகள் நறுமுகையின் வலது கை அவளுடைய இடது காதை எட்டவில்லை. நாலு விரற்கடை குறைகிறது. ஆனால் என் காதை எட்டிவிடும். நான் எங்கே இருந்தாலும் எட்டிவிடும்.

போன வாரம் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வீட்டில் அவள் தூக்கம் வராமல் புரண்டிருக்கிறாள். அவள் கை ஜன்னல் வழியாக இறங்கி, ஹவுசிங் யூனிட் கேட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு சந்தைக்கு வந்தது. என் வலது காதின் மடலைப் பிடித்து இரண்டு விரலால் உருட்டியது. கொஞ்ச நேரத்தில் பிடி தளர்ந்தது. கடைக்காரர் கையைப் பார்த்தார்.

"பாப்பா தூங்கிருச்சுங்களா?"

"தூங்கிட்டாங்க."

"அப்ப கத்திரிக்காயா, வெண்டைக்காயா?"

கத்தரிக்காயே வாங்கிக்கொண்டு, கையை மிதித்துவிடாமல் ஓரமாக நடந்து வீடு வந்து சேர்ந்தேன்.

முகைக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. அவள் பேசுவதெல்லாம் என் காதுக்குள்தான். வெளியே பேசினால் சொல் தரையில் விழுந்து உடைந்துவிடும் என்பது அவள் பயம். "தண்ணி" என்று என் காதில் சொல்வாள். "அவளுக்குத் தண்ணி வேணுமாம்" என்று நான் உலகத்துக்குச் சொல்வேன். அவளுக்குச் சத்தம் ஆகாது, கூட்டம் ஆகாது, வரிசை ஆகாது. மிக்சி ஓடினால் தன் காதைப் பொத்த மாட்டாள். ஓடிவந்து என் காதைப் பொத்துவாள். எனக்கு அது பிடித்திருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் ரொம்பப் பிடித்திருந்தது.

ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டுமென்றால் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டுக் காட்ட வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தொட்டால் பள்ளிக்கூடம். தொடாவிட்டால் வீடு. இதுவரை முகை போய்க்கொண்டிருந்தது ஒரு பயிற்சி மையம். அங்கே அம்மாவின் காதை உள்ளே விடுவார்கள். சாதாரண வகுப்பறையில் விட மாட்டார்கள். வாசலிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள். செருப்புக்கும் அம்மா காதுக்கும் அனுமதியில்லை.

எதிர் வீட்டுச் சௌந்தரிக்கு ஒரு பையன். நிதர்சன் என்று பெயர். முகையைவிடச் சின்னவன். அவன் கை மூன்று வயதிலேயே காதை எட்டிவிட்டது. எட்டியதோடு நிற்கவும் இல்லை. காதைத் தொட்டுவிட்டு, தாடை வழியாக இறங்கி, கழுத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுகிறது.

"என்ற பையனுக்கு யாருஞ் சொல்லிக் குடுக்கலீங்க்கா," என்றாள் சௌந்தரி. "தானா எட்டீருச்சு."

"நல்லது."

"ஒரு நாள் சொன்னேன். ஒரு நாள்கூட இல்லீங்க, அரை நாளு."

"சரி, சரி."

"முகைக்கு இன்னும் நாலு விரக்கடைங்களா?"

"மூணரை," என்றேன்.

வயிறு எரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வயிற்றின் மேலேயே பாலை வைத்தேன். சீக்கிரமே பொங்கிவிட்டது. அந்த வருஷம் எங்கள் வீட்டில் கேஸ் சிலிண்டர் தீரவே இல்லை.

எனக்குப் பொறாமைதான். இதில் மறைக்க என்ன இருக்கிறது? சௌந்தரி நல்லவள். உறை மோர் கேட்டால் இல்லையென்று சொன்னதே இல்லை. பையனும் தங்கமான பையன். அதுதான் தாங்க முடியவில்லை. கொஞ்சம் திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவன் வகுப்பில் உட்கார்ந்தபடியே இருப்பான். மத்தியானம் கை மட்டும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவி வைத்து, கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் போகும். போகிற வழியில் எங்கள் காலிங்பெல்லை ஒரே ஒரு தடவை அழுத்தி, முந்தின நாள் வாங்கிய கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும். ஒற்றைக் கை என்பதால் கும்பிட முடியாது. ஒரு சலாம் வைத்துவிட்டுப் போகும்.

இது போதாதென்று, தினமும் காலையில் சௌந்தரி கஞ்சி போட்ட புடவை கட்டிக்கொண்டு கிளம்புவாள்.

"எங்க போற?"

"பள்ளிக்கோடத்துக்குத்தானுங்க்கா."

"அவந்தான் அப்பவே போயிட்டானே. உனக்கு என்ன வேலை?"

"சும்மா, ஒரு உக்காரலு."

சாயங்காலம் வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே திரும்பி வருவாள். பையனுக்காகப் போடுகிற மாலையெல்லாம் அவள் கழுத்தில் விழுந்து களைத்துப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு இரண்டு தடவை பால் காய்ச்சினேன்.

என் கணவர் பள்ளிக்கூட வாசலில் வரிசையில் நிற்கிறார். இடம் கிடைப்பதற்கான வரிசை. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே நிற்கத் தொடங்கிவிட்டவர். முகூர்த்தத்துக்கு மட்டும் தன் இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டு வந்து தாலி கட்டினார். வரிசையில் கல்லுக்கு நல்ல மரியாதை. யாரும் அதைத் தாண்டிப் போக மாட்டார்கள். முன்னால் இருப்பவர் நகர்ந்தால் கல்லையும் நகர்த்தி வைப்பார்கள். சில நாள் அவர் கல்லை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தானே நிற்பார். கல் சோபாவில் இருக்கும். சாப்பாட்டில் குறை சொல்லாது. முகைக்கு அதன் பக்கத்தில் உட்காரப் பிடிக்கும்.

அவருக்கு நான் கேரியரில் சோறு கொண்டுபோவேன்.

"எட்டுச்சா புள்ள?" என்பார்.

"இல்லீங்க."

"எனக்கு முன்னால இன்னும் நாலு பேருதான். அதுக்குள்ள எட்டோணும்."

அவருக்கு முன்னால் எப்போதுமே நாலு பேர்தான் இருந்தார்கள்.

முதல் தடவை காது பார்க்கக் கூப்பிட்ட அன்று காலையில் முகைக்குத் தலை வாரினேன். உச்சியில் குடுமி போட்டேன். தென்னை மரம் போல நின்றது. அதற்கு ரிப்பன் கட்டினேன். ரிப்பனைச் சுற்றிக் கனகாம்பரம் வைத்தேன். இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. இன்னும் கொஞ்சம் கனகாம்பரம் வைத்தேன். தலை ஒரு சாண் உயர்ந்துவிட்டது.

"பாப்பா அழகா இருக்கட்டுமேன்னுதான்," என்று சோபாவைப் பார்த்துச் சொன்னேன். கல் ஒன்றும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தின் வராந்தா நீளமானது. முகை ஓரடி வைத்தால் அது ஈரடி நீண்டது. அவள் நின்றால் அதுவும் நின்று, எங்களைப் பார்த்தது. மத்தியானத்துக்கு மேல்தான் பெரிய மிஸ்ஸின் அறைக்குப் போய்ச் சேர்ந்தோம். பெரிய மிஸ் என்றால் தலைமையாசிரியை. அவர் அடி ஸ்கேலால் டீயைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"தொடு கண்ணு," என்றார்.

முகையின் கை தூக்கிக்கொண்டு மேலே போனது. குடுமியில் ஏறியது. கனகாம்பரத்தைத் தாண்டி எட்டிப் பார்த்தது. அந்தப் பக்கம் பெரிய பள்ளம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வந்த வழியே இறங்கி வந்து என் வலது காதைப் பிடித்துக்கொண்டது.

பெரிய மிஸ் எழுந்து வந்து ஸ்கேலை வைத்து அளந்தார். "நாலு விரக்கடை. எட்டலீங்க. அப்பறம் பாக்கலாம்."

"அடக் கடவுளே," என்றேன். முகத்தை அதற்குத் தகுந்த மாதிரி வைத்துக்கொண்டேன். வயிறு மட்டும் குளுகுளுவென்று இருந்தது.

அந்தக் குளிர்ச்சி வீடு வரைக்கும் தாங்கவில்லை. படியேறும்போது எதிர் வீட்டு வாசலில் நிதர்சனின் கை தானாகக் கோலம் போட்டுக்கொண்டிருந்தது. அவன் கை எட்டியதற்கும் எனக்குப் பொறாமை. முகையின் கை ஒரு நாள் எட்டிவிட்டால் அதற்கும் பொறாமைப்படப் போவது நான்தான். எந்தப் பக்கம் போனாலும் எனக்குத்தான் அடி.

பெரிய மிஸ் ரூபவதி மிஸ்ஸை அனுப்பி வைத்தார். பிள்ளைகளைச் சாதாரண வகுப்புக்குத் தயார் செய்வது அவர் வேலை. மறுநாள் எங்கள் பீரோவுக்குள்ளிருந்து வந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து அதுதான் குறுக்கு வழியாம். புடவைகளை ஒதுக்கிக்கொண்டு இறங்கி, கையிலிருந்த ஒயர் கூடையைக் கீழே வைத்தார். கூடை நிறையப் பயிற்சிக் காதுகள். ரப்பர் காது, கம்பளிக் காது, உல்லன் நூலில் பின்னிய காது.

"மொதல்ல அம்மா காது," என்றார். "அப்பறம் ரப்பர் காது. அப்பறம் என்ற காது. கடைசியில அவ காது. படிப்படியாத்தானுங்க போகோணும்."

"உங்க காது எதுக்குங்க?"

"நடுவுல ஒண்ணு வேணுமில்லீங்களா."

அவர் காதை அப்போதுதான் பார்த்தேன். சின்னக் காது. மடலில் ஒரு மச்சம். சிவப்புக்கல் தோடு. அதுவும் கவரிங்.

முதல் நாள் நான் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். அடுத்து, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க, முகை அம்மா," என்றார். நாற்காலிக்குப் போனேன். பிறகு சமையலறைக்கு. பிறகு பால்கனிக்கு. பிறகு மொட்டை மாடிக்கு. கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். கழுத்து வரைக்கும் தண்ணீர். கையில் மிச்சமிருந்தது ரேடியோ மட்டும்தான். அதில் செய்தி வாசித்தார்கள். முகை ரப்பர் காதைத் தொட்டுவிட்டாள் என்றார்கள். வானிலை பிறகு வந்தது.

இத்தனைக்கும் நடுவில் முகையின் கை குழாய் வழியாகத் தொட்டிக்கு வந்து என் காதைத் தேடிப் பிடித்துவிடும். நனைந்திருக்கும். நான் குனிந்து கொடுப்பேன்.

ரூபவதி மிஸ் தொட்டியின் மூடியைத் திறந்தார்.

"முகை அம்மா, நீங்க குனியறீங்க."

"இல்லீங்களே."

"அவ கை வர்றப்ப நீங்க காதக் கொண்டுபோய்க் குடுக்கறீங்க."

"என்ற காதுங்க. நான் எங்க வேணா கொண்டுபோவேன்."

"அதுதானுங்க அந்த நாலு விரக்கடை," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "குடுமிய எதுக்கு இத்தன ஒசரமாக் கட்டறீங்க?" என்று கேட்டார்.

"பாப்பாவுக்கு அழகா இருக்குமுங்க."

"யாருக்கு?"

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டேன்.

அன்றைக்கே அது நடந்தது. நான் ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே உள்ளே எட்டிப் பார்த்தேன். முகை ரூபவதி மிஸ்ஸின் மடியில் சாய்ந்திருந்தாள். அவள் விரல் அந்த மச்சத்தின் மேல் இருந்தது. மெதுவாக உருட்டிக்கொண்டிருந்தது. மிஸ் கதை சொன்னார். முகை அவர் காதுக்குள் என்னவோ சொன்னாள். மிஸ் சிரித்தார்.

"என்னங்க சொன்னா?"

"அது எங்களுக்குள்ளங்க," என்றார் மிஸ்.

ஐந்து வருஷமாக அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் என் வழியாகத்தான் போயிருக்கிறது. ஒரே ஒரு சொல் வேறு வழியாகப் போய்விட்டது. அந்தச் சிவப்புக்கல் தோட்டைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறியலாம் போல இருந்தது. பிடுங்கவில்லை. மிஸ்ஸுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போடவில்லை. "நான் சக்கர போடறதில்லீங்க, எப்புடித் தெரிஞ்சுது?" என்று சந்தோஷமாகக் குடித்தார்.

ஒரு மத்தியானம் சௌந்தரி வந்து கதவோரம் நின்றாள். பள்ளிக்கூட விடுமுறை. ஏதோ பீற்றிக்கொள்ளத்தான் வந்திருக்கிறாள் என்று தயாரானேன்.

"அக்கா, இன்னிக்கு ஒரு நாள் முகைய எங்கூட்டுல தூங்க வெக்கறீங்களா?"

"எதுக்கு?"

"சும்மா."

முடியை ஒதுக்கி வலது காதைக் காட்டினாள். மடல் வெயிலில் காய்ந்த அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. "நிதர்சன் மூணு வயசு வரைக்கும் இதப் புடிச்சுட்டுத்தானுங்க தூங்குவான். அவன் கை அவன் காதுக்கு எட்டுனதிலிருந்து இந்தப் பக்கமே வர்றதில்லீங்க."

"முகைக்கு வேற காது ஒத்துக்காது சௌந்தரி."

"ஒரே ஒரு மத்தியானமுங்க்கா."

"ஒத்துக்காது. என்ற காது மட்டுந்தான்."

பொய்தான். ஆனால் சொல்லும்போது அப்படி ஒரு சந்தோஷம். அவள் முடியை மூடிக்கொண்டு போய்விட்டாள். அன்று பால் காய்ச்ச அடுப்பைப் பற்றவைக்க வேண்டியிருந்தது.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. மறுபடியும் கூப்பிட்டு அனுப்பினார்கள். ரூபவதி மிஸ் பீரோவிலிருந்து தலையை மட்டும் நீட்டி, "எட்டீரும்னு நெனைக்கறனுங்க," என்றார். புடவை மடிப்புகளை நேராக்கிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எட்டிவிட்டால் என்ன செய்வது? முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் அவளுக்குத் தூக்கம் வந்தால்? தண்ணீர் வேண்டுமென்றால் எதற்குள் சொல்வாள்? அங்கே டீச்சருக்கும் காது இருக்குமே, அதில் சொல்லிவிட்டால்? இந்தக் கடைசிக் கேள்விதான் என்னைக் கிளப்பிவிட்டது.

முதலில் குடுமியைப் போட்டேன். போன தடவையைவிட உயரம். இரண்டு முழம் கனகாம்பரம். பிறகு என் வலது காதைக் கழற்றினேன். வருஷக்கணக்காக உருட்டியதில் மறை தளர்ந்துதான் இருந்தது. முகையின் டிபன் டப்பாவைத் திறந்து, தயிர்ச் சோற்றுக்கு அடியில், உருளைக்கிழங்குப் பொரியலுக்குப் பக்கத்தில் அதை வைத்தேன். மேலே சோற்றைத் தடவி மூடினேன். பசி வரும்போது கிடைத்துவிடும். வலது பக்கத்து முடியை இழுத்து விட்டுக்கொண்டேன். ஒரு பக்கம் உலகம் அமைதியாக இருந்தது.

வராந்தா வழக்கம் போல நீண்டது. பெரிய மிஸ்ஸின் அறைக்கு முன்னால் வரிசையின் தலை இருந்தது. எங்கள் முறை வந்துவிட்டது. இத்தனை வருஷம் நின்ற மனிதர், அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போயிருந்தார். அவர் இடத்தில் கல் இருந்தது. தூக்கிக்கொண்டுபோய் நாற்காலியில் வைத்தேன்.

"அப்பாவுங்களா?" என்றார் பெரிய மிஸ்.

"ஆமாங்க."

"முகையோட ஜாடை தெரியுதுங்க." பிறகு முகையிடம் திரும்பினார். "தொடு கண்ணு."

கை மேலே போனது. குடுமியில் பாதி தூரம் ஏறியது. நின்றது. எனக்குத் தெரியும், இனி இறங்கிவிடும். இறங்கியது. நேராக என் வலது காதுக்கு வந்தது.

அங்கே காது இல்லை.

விரல்கள் என் முடியை விலக்கித் தேடின. கன்னத்தைத் தடவின. மறையின் ஓட்டையைத் தொட்டுப் பார்த்தன. இதை நான் யோசித்திருக்கவில்லை. டப்பாவைப் பற்றி யோசித்தேன், தயிரைப் பற்றி யோசித்தேன், இதை மட்டும் யோசிக்கவில்லை. நான் அவசரமாக இடது காதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது அவளுக்குப் பழக்கமில்லை. கை அதைத் தொட்டுவிட்டு விலகியது. காற்றில் கொஞ்ச நேரம் நின்றது.

முகை என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. பஸ்ஸில் இடமில்லாதபோது பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு இடது கையால் குடுமியைப் பிடித்தாள். ரிப்பனை இழுத்தாள். கனகாம்பரத்தை மொத்தமாக உருவி என் உள்ளங்கையில் வைத்தாள். முடி சரிந்து விழுந்தது. அவள் தலை அவ்வளவு சின்னது என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

வலது கை தலையைக் கடந்தது. அந்தப் பக்கம் இறங்கியது. இடது காதைத் தொட்டது. மடலைப் பிடித்து இரண்டு விரலால் உருட்டியது. அவள் கண் பாதி மூடிக்கொண்டது.

அந்தக் காதை நான்தான் பெற்றேன். அதைக் குத்திய அன்று அவள் அழுதாள், ஆசாரியைத் திட்டிக்கொண்டே நானும் அழுதேன். ஐந்து வருஷம் எண்ணெய் விட்டுத் துடைத்தேன். இப்போது அந்தக் காதின் மேலேயே எனக்குப் பொறாமை. அது ஒரு வேலையும் செய்யாமல், இருந்த இடத்திலேயே இருந்து, அவள் கையை வாங்கிக்கொண்டது.

"எட்டீருச்சுங்க," என்றார் பெரிய மிஸ்.

"தண்ணி வேணும்," என்றாள் முகை.

என் காதில் இல்லை. பெரிய மிஸ்ஸைப் பார்த்து, அறையில் சொன்னாள். சொல் தரையில் விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். உடையவில்லை. ஒரு தடவை துள்ளிவிட்டு மேசைக்காலில் முட்டி நின்றது. பெரிய மிஸ் குனிந்து எடுத்து, தூசி தட்டிவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். "அவளுக்குத் தண்ணி வேணுமாம்" என்று சொல்ல வாயைத் திறந்தவள், மூடிக்கொண்டேன்.

பெரிய மிஸ்ஸின் அறைக்கு வெளியே வாட்ச்மேன் டப்பாவைத் திறந்து பார்த்தார். கரண்டியால் சோற்றைக் கிளறினார்.

"காது இருக்குதுங்க அம்மணி."

"தொட்டுக்கறதுக்குங்க."

"உருளைக்கெழங்கு இருக்குதில்லீங்க. அது போதும்."

காதைத் துடைத்துக் கொடுத்தார். மாட்டிக்கொண்டேன். கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தது. உள்ளே ஒரு கடுகு மாட்டிக்கொண்டது. அதன் பிறகு கேட்டதெல்லாம் லேசாகப் புளித்தது.

வராந்தாவில் முகை ஓரடி வைத்தாள். வராந்தா ஈரடி சுருங்கி அவளிடம் வந்தது. இன்னும் ஓரடி வைப்பதற்குள் வகுப்பறைக்குள் இருந்தாள். பக்கத்து வகுப்பிலிருந்து நிதர்சனின் கை வந்து ஜன்னலோர நாற்காலியை இழுத்துப் போட்டது. அவள் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பாளோ என்று நின்றேன். பார்க்கவில்லை.

கேட்டுக்கு வந்தேன். எனக்கு முன்பே அங்கே வந்து நின்ற வாட்ச்மேன் தடியைக் குறுக்கே வைத்தார்.

"தொடுங்க அம்மணி."

"எதைங்க?"

"காத. தொட்டாத்தானுங்க வெளிய உட முடியும். புள்ளையச் சேத்துட்டுப் போறவங்க எல்லாருமே தொடோணும்."

சிரிப்பு வந்தது. வலது கையைத் தூக்கித் தலைக்கு மேலே கொண்டுபோனேன். எனக்குக் குடுமி இல்லை, கனகாம்பரம் இல்லை. கை உச்சியைத் தாண்டியது. இறங்கியது. நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்தேன். கழுத்தைச் சாய்த்தேன். "கழுத்தச் சாய்க்கக் கூடாதுங்க," என்றார். ஸ்கேலை எடுத்து அளந்தார்.

"நாலு விரக்கடை. எட்டலீங்க."

"அப்ப நான் எங்க போறது?"

"பின்னால பெஞ்சு போட்டிருக்குது. மணி அடிச்சா ஊட்டுக்குப் போலாம். நாளைக்கு மறுபடி வரோணும். எட்டற வரைக்கும் வரோணுமுங்க."

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சுகள் வரிசையாகக் கிடந்தன. அதில் அம்மாக்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றிரண்டு அப்பாக்களும் இருந்தார்கள். எல்லாருடைய வலது கையும் தலை மேல் இருந்தது. இரண்டாவது பெஞ்சில் கஞ்சி போட்ட புடவையில் சௌந்தரி இருந்தாள்.

"வாங்க்கா," என்று நகர்ந்தாள். "இந்தப் பக்கம் உக்காருங்க, நெழலு."

உட்கார்ந்தேன். முழங்கால் மோவாயில் இடித்தது.

"எப்பத்திலிருந்து?" என்றேன்.

"நிதர்சன் சேந்த நாளிலிருந்துங்க."

அவள் தோளைப் பார்த்தேன். பிறகு அவள் விரல்களைப் பார்த்தேன். அவளுக்கு மூன்று விரற்கடைதான் பாக்கி. எனக்கு நாலு. வயிறு சட்டென்று பற்றிக்கொண்டது.

"தானா எட்டுச்சா?"

"இல்லீங்க்கா," என்றாள். "இந்த ஒரு விரக்கடைக்கே ரொம்ப நாளாச்சு."

சாக்பீஸ் வைக்கிற அலமாரியிலிருந்து ரூபவதி மிஸ் இறங்கி வந்தார். கூடையைக் கீழே வைத்து என் மடியில் ரப்பர் காதைப் போட்டார். "படிப்படியாத்தானுங்க போகோணும்," என்றார். சிவப்புக்கல் வெயிலில் மின்னியது. ரப்பர் காதைத் தொட்டுப் பார்த்தேன். அதில் முகையின் விரல் பட்டுப் பட்டு ஒரு பக்கம் வழவழவென்று ஆகியிருந்தது.

மரத்தடியிலிருந்து வகுப்பறை ஜன்னல் தெரிந்தது. முகையின் வலது கை மேலே உயர்ந்தது. என் வலது காது நிமிர்ந்து உட்கார்ந்தது. கடுகு உருண்டது. நான் குனிந்துகூடக் கொடுத்தேன். கை ஜன்னலைத் தாண்டி வரவில்லை. அவள் தலைக்கு மேலேயே நின்றது. டீச்சர் திரும்பினார். முகை எழுந்து நின்று என்னவோ சொன்னாள். முப்பது பிள்ளைகளுக்கும் கேட்டது. டீச்சருக்குக் கேட்டது. மேலே சுற்றிய மின்விசிறிக்குக்கூடக் கேட்டது. எனக்குக் கேட்கவில்லை. அந்த மின்விசிறி மேல் எனக்கு வந்த பொறாமை கொஞ்சநஞ்சமில்லை.

"என்ன சொன்னா?" என்று சௌந்தரியைக் கேட்டேன்.

"இங்க கேக்காதுங்க்கா. மொதல்ல கொஞ்ச நாள் அப்புடித்தான் இருக்கும்." அவள் காற்றை மோந்து பார்த்தாள். "வயிறு தீயுதுங்களா? பாலு இருந்தா வெச்சிரலாம்."

பால் இல்லை. நான் கையைத் தலைக்கு மேலே தூக்கினேன். உச்சியைத் தாண்டியது. இறங்கவில்லை. நாலு விரற்கடைக்கு முன்னால் நின்று யோசித்தது. பிறகு பக்கவாட்டில் நீண்டு, சௌந்தரியின் முடியை ஒதுக்கி, அவள் வலது காதைப் பிடித்துக்கொண்டது. மடல் விறைத்திருந்தது. இரண்டு விரலால் உருட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. சௌந்தரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"முகை அம்மா," என்றார் ரூபவதி மிஸ். "அது உங்க காதில்லீங்க."

"தெரியுமுங்க," என்றேன்.

அடுத்த பெஞ்சில் இருந்தவள் எங்கள் இருவரையுமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வயிற்றிலிருந்து லேசாகப் புகை வந்தது. நான் கையை எடுக்கவில்லை.